பழைய ரேஸ் வண்டிக்கு இரண்டு டயர்

மார்ச் 3, திங்கள்

மதியம் அண்ணி பல் லேபுக்கே போன் செய்தார். பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன்.

“அடுத்த வாரம் வீடு மாத்துறோம். உங்க அண்ணனோட ரேஸ் சைக்கிள் பால்கனில தொங்குது. புது வீட்டுல பால்கனியே கிடையாது. வேணும்னா வந்து எடுத்துக்கோ. இல்லன்னா காயலாங்கடைதான்.”

இன்றைக்கே வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால் ஒரு கடைவாய்ப் பல் மேல் மெழுகு வழிந்து கிடக்கிறது. முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. என்னத்துக்கு இந்தப் பதற்றம்? ஐம்பத்தோரு வயதில்?

அண்ணன் வாசலில் நின்று வண்டியைக் கொடுத்தான். “தொடச்சு சுவத்துல மாட்டி வை. அழகா இருக்கும். ஓட்டிடாத.”

“ஏன்?”

“இது ரேஸ் வண்டி. நீ ஓட்டுற கூடை வண்டி மாதிரி இல்ல.”

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடை வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். போகப் பதினான்கு கிலோமீட்டர், வரப் பதினான்கு. அதை யாரும் சைக்கிள் ஓட்டுவதாக எடுத்துக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் எடுத்துக்கொண்டதில்லை.

லிஃப்ட் சின்னது. வண்டியைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தி, நானும் அதுவும் கட்டிப்பிடித்தபடி மூன்றாம் மாடி வந்து சேர்ந்தோம். கையெல்லாம் கறுப்புப் பொடி. டயர் உதிர்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் அறை வாசலில் நின்றார்.

“இதை இங்கயா வைக்கப் போற?”

“ஆமா.”

“அப்ப நான்?”

“நீங்களும் இங்கயேதான்.”

மார்ச் 8, சனி

வண்டியை முழுக்கத் துடைத்தேன். அடர் நீலம். கைப்பிடிக் கம்பியின் வளைவில் ஒரு கீறல் – அது நான் போட்டது. அப்பா இதை செகண்ட் ஹேண்டில் அண்ணனுக்கு வாங்கித் தந்தபோது எனக்குப் பதிமூன்று. ஓட்ட எனக்கு அனுமதி இல்லை. ஒரு நாள் திருட்டுத்தனமாக எடுத்தேன், அவ்வளவுதான். மற்றபடி என் வேலை காற்றடிப்பது. ஆறு வருடம், வாரம் மூன்று முறை, நான் பம்ப் அடிப்பேன், அவன் ஏறிப் போவான்.

சைக்கிள் கடையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. மே 18, பழைய வண்டிகளின் சவாரி. தொண்ணூறு கிலோமீட்டர், நடுவே கோபுர மலை. வண்டிக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும். பார்வைக்கும் அந்தக் காலத்து வண்டியாக இருக்க வேண்டும். முழுக் கறுப்பு டயர் போட்டால் சேர்க்க மாட்டார்கள்.

அண்ணன் போன சவாரி இதுதான். பதினோரு வருடம் போனான். முழங்கால் வலி என்று நான்கு வருடமாகப் போகவில்லை. ஆனால் குடும்பத்தில் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் கோபுர மலை இலைக்கு வந்துவிடும். “பதினோரு தடவை. ஒரு தடவைகூட கால் கீழ வெச்சதில்ல.”

பெயர் கொடுத்துவிட்டேன். வயது என்ற இடத்தில் ஐம்பத்தொன்று என்று எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம், ‘வண்டியின் வயது’. நாற்பத்தைந்து. என்னைவிடச் சின்னது. பரவாயில்லை.

மார்ச் 15, சனி

டயர் வந்துவிட்டது. இணையத்தில் பார்த்து நானே தேர்ந்தெடுத்தது. தரையில் படும் பாகம் கறுப்பு, பக்கவாட்டு மட்டும் வெளிர் பழுப்பு. பழைய போட்டோக்களில் ரேஸ் வண்டிகளுக்கு இருக்குமே, அதே நிறம். பெட்டியைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தேன். புது ரப்பர். மனசு குளிர்ந்துவிட்டது.

மாட்டத் தொடங்கியது மூன்று மணிக்கு. இப்போது ஏழரை. ரிம்மின் மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் உள்ளே தள்ளினால் மறுபக்கம் வெளியே வருகிறது. நெம்புகோல் இரண்டு உடைந்தது. கட்டை விரல் நகம் ஒன்றும். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் அவரைத் திட்டினேன். பிறகு அவர் போய்விட்டார்.

சப்பாணி டயர். சனியன் பிடிச்ச டயர்.

மார்ச் 17, திங்கள்

வேலை முடிந்து சக்கரத்தையும் டயரையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை ஒரு பெண்ணுடையது. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் எப்போதும் ஒரு கந்தல் துணி. டயரைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைத் துணியால் துடைத்துக் காட்டினாள்.

“படிங்கக்கா.”

“இருபத்தெட்டு, அறுநூத்தி இருபத்திரண்டு.”

“முதல் எண் டயரோட அகலம். ரெண்டாவது, டயர் உக்கார்ற எடத்துல ரிம்மோட குறுக்களவு. இப்ப உங்க ரிம்மை அளந்து பாருங்க.”

அளந்தோம். அறுநூற்று முப்பது. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

“பழைய வண்டி நெறைய இந்த அளவுதான். இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் சின்ன அளவு. நீங்க ஏத்த முயற்சி பண்ணது, எட்டு வயசுப் பிள்ளை சட்டையை எனக்குப் போடுற மாதிரி.”

வெட்கமாகப் போய்விட்டது. நான் யார்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால் பல்செட்டைத் திருப்பி அனுப்புகிறவள். முப்பது வருடமாகப் பையில் அளவுகோல் கிடக்கிறது. டயரை மட்டும் போட்டோவில் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன். பெண் பார்க்கப் போனவன் கதைதான்.

சக்கரத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். சின்ன அளவுச் சக்கரம் போட்டால் அழகான டயர் நூறு வகை கிடைக்குமே.

“போடலாம். ஆனா பிரேக் கட்டை நாலு மில்லிமீட்டர் கீழ இறங்கணும். உங்க பிரேக்குல ரெண்டுதான் எடம் இருக்கு. பிரேக்கையும் மாத்தணும். அப்புறம் ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி, கடைசில நீலக் கம்பி மட்டும்தான் பழசா இருக்கும்.”

வேண்டாம். இந்தச் சக்கரத்துக்குத்தான் நான் காற்றடித்தேன்.

மார்ச் 22, சனி

லேபிலிருந்து நிறப்பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பல்லின் நிறம் பார்ப்பதற்காக, வெள்ளையிலிருந்து பழுப்பு வரை மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்திருக்கும். மெக்கானிக் பெண் முதலில் பயந்துவிட்டாள். “அக்கா, யாரு பல்லு இது?”

எங்கள் அளவில் என்னவெல்லாம் கிடைக்கும் என்று அவள் மேசையில் பரப்பினாள். அதிகமில்லை. கறுப்பு – உறுதியானது, ஆனால் சவாரியில் சேர்க்க மாட்டார்கள், எனக்கும் பிடிக்கவில்லை. அடுத்தது பழுப்பு என்று பெயர், ஆனால் ஆரஞ்சு மிட்டாய். கையில் அழுத்திப் பார்த்தேன், செருப்பின் அடிப்பாகம் மாதிரி கனம். மூன்றாவது முழுக்க வெளிர் வெண்மை. பட்டையில் பொருத்தினால் பி-ஒன்று. எல்லோரும் கேட்டு வாங்குகிற நிறம், யார் வாயிலும் தானாக இருந்ததில்லை.

கடைசியாக ஒரு ஒற்றை டயர். யாரோ ஒரு ஜோடி வாங்கி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாம். பக்கவாட்டில் மெல்லிய ரப்பர் பூச்சுக்கு அடியில் நூல் தெரிகிறது. மேலே மயிரிழை மாதிரி நேர்க்கோடுகள். மடக்கினால் துணி மாதிரி மடங்குகிறது. முப்பத்திரண்டு, அறுநூற்று முப்பது. பட்டையை வைத்துப் பார்த்தேன். ஏ-நான்கு. நாற்பது வருடம் காபி குடித்தவரின் பல்.

“இதுதான்” என்றேன்.

“ஜோடியா வரவழைக்கணும். அஞ்சு வாரம் ஆகும். சொல்லிடட்டுமா?”

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு தடவை சூடு கண்டது போதும் என்ற பயம்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தேன், உளறிவிட்டிருக்கிறார். சவாரி விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலேயே வந்துவிட்டான், கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு வளையம்.

“அசல். அந்தக் காலத்துலயே வாங்கி வெச்சது. ஒரு நாள்கூட மாட்டினதில்ல. நீ கண்டதைத் தேடி அலையறியாமே.”

பிரித்தால் – ஆமாம், அசல்தான். அதே பழுப்பு. அளவும் சரி. மடிப்பில் தூசிகூட இல்லை. இத்தனை வருடத்தில் இந்த வண்டி சம்பந்தமாக அவன் தானாக எனக்குக் கொடுத்த முதல் பொருள்.

அவர் மட்டும் டயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேதியியல் வாத்தியார். “ரப்பருக்குச் சும்மா கெடந்தாலும் வயசாகும்” என்றார்.

அண்ணன், “மாப்ள, பாடம் நாளைக்கு எடுங்க” என்றான்.

மார்ச் 24, திங்கள்

மெக்கானிக் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் “சரிக்கா” என்றாள். அந்த ‘சரிக்கா’ சரியாக இல்லை.

மார்ச் 29, சனி

பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. பம்பை எடுத்தபோது கைக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் முடித்ததும் வண்டியைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று நின்றேன். பிறகு நானே ஏறிப் போனேன்.

என்ன வேகம். கூடை வண்டியில் மூச்சு முட்டும் இடத்தில் இது சும்மா போகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் வரும்.

ஆற்றோரச் சாலையின் இறக்கம். நல்ல வேகம். முன்டயர் வெடித்தது. துப்பாக்கி சுட்ட சத்தம். அப்புறம் புல்லு, வானம், புல்லு. எழுந்து உட்கார்ந்தபோது வாயில் மணல் என்று நினைத்துத் துப்பினேன். மணல் இல்லை, என் முன்பல்லில் பாதி.

வலது முழங்கையில் ஆறு தையல். எலும்பு முறியவில்லை. வண்டிக்கும் ஒன்றுமில்லை, பெடல் மட்டும் சிராய்த்திருக்கிறது. டயரின் பக்கவாட்டு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே நூலெல்லாம் மக்கிப் பொடியாகக் கிடக்கிறது. கார் வந்திருந்தால்? – வரவில்லை. அதை யோசிக்கக் கூடாது.

அவர் மருத்துவமனையில் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஏப்ரல் 7, திங்கள்

அண்ணன் வந்தான். கட்டைப் பார்த்தான், பல்லைப் பார்த்தான், டயரைப் பார்த்தான்.

“காத்து அதிகமா அடிச்சிருப்ப.”

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை அந்தக் கோபம். “ஆறு வருஷம் உன் டயருக்குக் காத்தடிச்சவ நான். ஒரு நாளாவது வெடிச்சுதா? உன் டயர் மக்கிப்போச்சுண்ணா. நீ பரணையில வெச்சு மக்கவிட்ட.”

“சரி. இத்தோட விட்டுடு. உனக்கு எதுக்கு இதெல்லாம்? அந்த மலையை நீ என்னன்னு நெனச்சே? மூணாவது வளைவுல நல்ல நல்ல ஆளுங்களே இறங்கி நடப்பாங்க.”

“நீ நடந்தியா?”

“நான் வேற.”

காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது. குடிக்காமல் போய்விட்டான்.

விட்டுவிடலாமா? கை வலிக்கிறது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தால் சண்டைக்காரி மாதிரி இருக்கிறேன். அவன் சொல்வதிலும் – இல்லை. இல்லவே இல்லை. டயர்தான் தப்பு. நான் தப்பில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கட்டோடு கடைக்குப் போனேன். மெக்கானிக் பெண் நான் வாய் திறப்பதற்குள், “அந்த ஏ-நாலு தானேக்கா?” என்றாள்.

“அன்னைக்கே ஏன் சொல்லல? பழைய டயர் வேணாம்னு?”

“உங்க முகத்தைப் பாத்தேன். அண்ணன் குடுத்தார்னு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. சொல்லியிருக்கணும். தப்புதான்.”

ஐந்து வாரம் என்றால் மே 13. சவாரி 18. ஒரு வாரம் தாமதமானாலும் போச்சு. கறுப்பை எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கறுப்பு போட்டால் எப்படியும் சேர்க்க மாட்டார்கள். இது வந்தால் போவது, வராவிட்டால் இல்லை.

வருவதற்குள் ஒரு வேலை செய்தோம். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் குறுக்குக் கம்பிக்கும் மாட்டிப் பார்த்த அந்த ஒற்றை டயருக்கும் இடைவெளி என்ன? என் அளவுகோலை நானே வைத்துப் பார்த்தேன். மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். முன்பக்கம் நான்கு. இதைவிட அகலமாக இருந்தால் உரசும், குறைவாக இருந்தால் கல்லில் குலுங்கும். இதற்கென்றே செய்த மாதிரி.

ஏப்ரல் 15, செவ்வாய்

என் பல்லை நானே செய்தேன். லேபில் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன், என் வாய்க்கு இதுதான் முதல். நிறம் ஏ-மூன்று. கொஞ்சம் வெள்ளையாகப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. டாக்டர் பொருத்திவிட்டு, “எது புதுசுன்னு எனக்கே தெரியல” என்றார். தெரியக் கூடாது என்பதற்குத்தானே செய்வது.

ஏப்ரல் 24, வியாழன்

தையல் பிரித்தாகிவிட்டது. ரேஸ் வண்டிக்கு டயர் இல்லை, ஆனால் கால் இருக்கிறதே. வேலை முடிந்து வரும் வழியில் மேம்பாலத்தில் கூடை வண்டியோடு ஏறி இறங்கினேன். பதினெட்டு தடவை. பன்னிரண்டாவது தடவை போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தினார்.

“அம்மா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?”

“இல்ல சார். தேடிட்டுதான் இருக்கேன்.”

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அரை மணி நேரம் சிரித்தார்.

மே 3, சனி

மேம்பாலம் முப்பது தடவை. போலீஸ்காரர் இப்போது எண்ணிச் சொல்கிறார்.

மே 13, செவ்வாய்

டயர் வரவில்லை.

மே 14, புதன்

வரவில்லை. அண்ணியிடமிருந்து போன், பொதுவாகப் பேசினார். பின்னால் அண்ணன் குரல்: “வந்துச்சான்னு கேளு.” வரவில்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

மே 15, வியாழன்

வந்துவிட்டது.

மெக்கானிக் பெண் கடையைப் பாதி மூடிக்கொண்டிருந்தாள். எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். பெட்டியை அவள் பிரிக்கவில்லை. “நீங்க பிரிங்க.” முதலில் எண். முப்பத்திரண்டு, அறுநூற்று முப்பது. இரண்டிலும். இரண்டு தடவை படித்தேன். அவள் மாட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம், நான் மாட்டுகிறேன், நீ தப்பு இருந்தால் மட்டும் சொல் என்றேன்.

கையாலேயே ஏறிவிட்டது. நெம்புகோல் தேவைப்படவில்லை. பாதிக் காற்று அடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். ரிம்முக்கு மேலே டயரில் ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. காற்றை இறக்கி, பிசைந்து, மறுபடி. சரியாக உட்கார்ந்தபோது ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பல்செட் வாயில் சரியாகப் பொருந்தும்போது வருமே, அதே சத்தம்.

“பழைய ரிம் இது அக்கா. எழுபது பவுண்டுக்கு மேல காத்து அடிக்காதீங்க. கல் ரோடு வந்தா பத்து குறைச்சுக்கோங்க.”

வீட்டில் ஜன்னலோரம் நிறுத்தினேன். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நீலமும் பழுப்பும். அவரும் வந்து பக்கத்தில் நின்றார்.

அவர் சொன்னார்: “இப்பதான் இது சைக்கிள் மாதிரி இருக்கு.”

“இத்தனை நாள் எப்படி இருந்துச்சு?”

“உங்க அண்ணன் மாதிரி இருந்துச்சு.”

மே 18, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது. கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. ஆனால் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரைக்குத் திடலில் அறுபத்தொரு வண்டி. பெண்கள் நான்கு பேர். பெரிய மீசை வைத்த ஒருவர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சோதித்தார். என் டயரை விரலால் அழுத்தினார், பக்கவாட்டைத் தடவினார்.

“இது பழசா, புதுசா?”

“புதுசு.”

“பாத்தா தெரியலையே.”

“அதுக்குத்தான் ரெண்டரை மாசம் ஆச்சு.”

மீசை அசைந்தது. சிரித்தார் என்று எடுத்துக்கொண்டேன். எண் அட்டையைக் கட்டிவிட்டார்.

முதல் நாற்பது கிலோமீட்டர் சமதளம். கும்பலோடு போனேன். டயர் சாலையில் பேசிக்கொண்டே வந்தது, மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற சத்தம், வேறொன்றும் இல்லை. மலை அடிவாரத்தில் தண்ணீர் கொடுத்தார்கள். சாலை புதிதாகப் போடுகிறார்கள், இரண்டாவது வளைவுக்கு மேல் தார் இல்லை, வெறும் ஜல்லி என்று அங்கேதான் சொன்னார்கள். எல்லோரும் முனகினார்கள். நான் குனிந்து இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினேன். பக்கத்தில் நின்றவர் மெல்லிய டயர் போட்டிருந்தார். என்னை விநோதமாகப் பார்த்தார்.

மலை ஆறு கிலோமீட்டர், ஏழு வளைவு. முதல் வளைவில் மேம்பாலத்தை நினைத்துக்கொண்டேன். இரண்டாவதில் நினைக்க மூச்சில்லை. பிறகு ஜல்லி. முன்னால் போனவர்களின் பின்சக்கரம் அலைந்தது, ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்த மெல்லிய டயர்க்காரர் ஓரமாக நின்று பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தடவை பின்சக்கரம் வழுக்கியது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் டயர் கல்லைக் கவ்விக்கொண்டது. அழுத்தினேன். ஏறியது.

மூன்றாவது வளைவில் ஒரு பெஞ்சு. சவாரி நடத்துபவர்களில் ஒருவர், வயதானவர், தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்தார்.

“இந்த நீல வண்டி தெரிஞ்ச வண்டியாச்சே. நீங்க யாரு?”

“தங்கச்சி.” அதற்கு மேல் மூச்சு இல்லை.

“அப்ப வாங்க, உக்காருங்க. உங்க அண்ணன் வருஷா வருஷம் இங்கதான் இறங்குவார். இந்த பெஞ்சுக்கே அவர் பேர்தான் வெச்சிருக்கோம். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு மேல வரைக்கும் தள்ளிட்டுப் போவார்.”

நான் நிற்கவில்லை. ஆனால் கேட்டது.

முதலில் சிரிப்பு வந்தது. ஏற்றத்தில் சிரித்தால் மூச்சு வீணாகும். பதினோரு தடவை! எத்தனை விருந்து, எத்தனை தடவை சாப்பிட்ட கை காய அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். பிறகு கோபம். அந்தக் கதையை வைத்துத்தானே இத்தனை வருடம் என்னை நானே அளந்தேன்? அவன் மலையேறுகிறவன், நான் கூடை வண்டிக்காரி என்று? கோபத்தில் நான்காவது வளைவு வந்ததே தெரியவில்லை. ஐந்தாவதில் கோபமும் தீர்ந்துவிட்டது. அண்ணன் இல்லை, அப்பா இல்லை, யாரும் இல்லை. முன்டயரின் பழுப்பு ஓரம் மட்டும் கண்ணுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. ஆறாவது. ஏழாவதில் தொடை துடித்தது. எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரம் சுழன்றது, உடனே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தே மிதித்தேன். கோபுரம் தெரிந்தது. பிறகு கோபுரம் பக்கத்தில் இருந்தது.

கால் கீழே வைக்கவில்லை. வைக்க மனசு வரவில்லை. கோபுரத்தைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் இந்த அம்மாவுக்கு பிரேக் போச்சோ என்று எழுந்துவிட்டார்கள். கைதட்ட ஆரம்பித்தது யாரென்று தெரியவில்லை.

இறக்கமும் மீதி நாற்பது கிலோமீட்டரும் எப்படி வந்தேன் என்று எழுத ஒன்றுமில்லை. பறந்து வந்தேன். கால் வைக்காமல் ஏறியவர்கள் மொத்தம் பதினான்கு பேர் என்று முடிவில் மீசைக்காரர் ஒலிபெருக்கியில் படித்தார். என் பெயர் ஒன்பதாவது.

திடலில் அவர், அண்ணி, ஓரமாக அண்ணன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணி அழுதார். அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து டயரைப் பார்த்தான். முன்னால், பின்னால், கட்டை விரலால் சுற்றி வர.

“ஜல்லியில வந்தும் ஓரம் எங்கயும் வெட்டல.”

“இல்ல.”

“மூணாவது வளைவு எப்படி இருந்துச்சு?”

பார்த்தேன். அவன் இன்னும் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காத்து நல்லா அடிச்சுது” என்றேன்.

மே 19, திங்கள்

லேபுக்கு விடுப்பு. லிஃப்ட் பழுது, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். இத்தனை சந்தோஷமாக நொண்டியதே இல்லை.

மே 24, சனி

மெக்கானிக் பெண்ணுக்குச் சவாரி போட்டோ கொடுத்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டாள். யாரோ ஒருவர் வந்து, போட்டோவைக் காட்டி, “இந்த மாதிரி டயர் இருக்கா?” என்று கேட்டாராம். “உங்க ரிம்மை அளந்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினாளாம்.

இன்று முதல் வேலைக்கும் ரேஸ் வண்டிதான்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் தனியாக வந்தான். அவர் அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்த வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். கோடை விடுமுறையில் என்ன விடைத்தாள்? நல்ல மனிதர்.

அண்ணன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“அந்த மலையை நான் முழுசா ஏறினதே இல்ல.”

“தெரியும்.”

“யார் சொன்னா?”

“பெஞ்சுல இருந்தவர்.”

“எப்போ?”

“நான் ஏறிட்டிருக்கும்போதே.”

நிமிர்ந்து பார்த்தான். “அப்ப அன்னைக்கே ஏன் கேக்கல? எல்லாரும் இருந்தாங்களே. கேட்டிருக்கலாமே.”

“மூச்சு வாங்கிட்டிருந்துச்சுண்ணா.”

சிரித்துவிட்டான். ரொம்ப நேரம் சிரித்தான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதல் வருஷம் வீட்டுக்கு வந்ததும் அப்பா “ஏறிட்டியாடா?” என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டானாம். அப்புறம் வருஷா வருஷம் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். முழங்கால் வலி உண்மைதான், ஆனால் சவாரியை விட்டது அதனால் இல்லையாம். பொய்யைத் தூக்கிக்கொண்டு மலையேறக் களைத்துவிட்டது என்றான்.

காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். குடித்தான்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: “ஞாயித்துக்கெழம எங்க ஓட்டுற?”

“ஆத்தோரமா.”

“உங்க அண்ணி சைக்கிள் ஒண்ணு இருக்கு. நானும் வரட்டுமா? மெதுவாத்தான் வருவேன்.”

“வா. அஞ்சரைக்குக் கெளம்புவேன். லேட்டானா நிக்க மாட்டேன்.”

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் ஐந்து இருபதுக்கே வந்து கீழே நின்றிருந்தான்.